தரமணி ஆபீஸ் முதல் ஒற்றை அறை வீடு வரை: ஃப்ளூ காய்ச்சலில் யாருக்கு டெஸ்ட், யாருக்கு மாத்திரை, எப்போது மருத்துவமனை?

"லேசா தொண்டை கரகரன்னு இருக்கு. ஒரு டோலோ போட்டுட்டு வந்துட்டேன்."

மழைக்காலத் திங்கட்கிழமை காலையில் தரமணியின் எந்த ஐ.டி. கட்டட லிஃப்டில் ஏறினாலும் இந்த வசனம் காதில் விழும். சொன்னவர் பறக்கும் ரயிலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வந்திருப்பார். ஏ.சி. ஹாலில் ஒன்பது மணி நேரம் உட்காருவார். கேன்டீனில் நாலு பேரோடு சாப்பிடுவார். இளைஞர், உடம்பில் வேறு நோய் இல்லை. அவருக்கு நான்கைந்து நாளில் சரியாகிவிடும்.

ஆனால் அதே லிஃப்டில் நின்ற ஹவுஸ்கீப்பிங் ஊழியரின் வீட்டில் ஒரு கர்ப்பிணி இருக்கலாம். அவர் மேசையைத் துடைத்துவிட்டுப் போனவருக்கு சர்க்கரை நோய் இருக்கலாம். இன்ஃப்ளூயன்சா என்கிற ஃப்ளூ காய்ச்சலின் குணமே இதுதான். பரப்புகிறவர் ஒருவர், படுக்கையில் விழுகிறவர் வேறொருவர்.

2009-ல் 'பன்றிக் காய்ச்சல்' என்ற பெயரில் உலகத்தையே பயமுறுத்திய எச்1என்1 வைரஸ் எங்கேயும் போய்விடவில்லை. சீசன் காய்ச்சலாக மாறி ஆண்டுதோறும் நம்மிடையே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதை எப்படி அடையாளம் காண்பது, எப்போது பதற வேண்டும், எப்போது பதறத் தேவையில்லை? விரிவாகப் பார்க்கலாம்.

சளியா, ஃப்ளூவா, டெங்குவா?

சாதாரண சளி மெதுவாக வரும். முதல் நாள் தும்மல், இரண்டாம் நாள் மூக்கடைப்பு என்று படிப்படியாக ஏறும். ஃப்ளூ அப்படி வராது. மதியம் வரை நன்றாக இருந்தவருக்கு சாயங்காலம் 'அடிச்சுப் போட்ட மாதிரி' இருக்கும். திடீர்க் காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, உடம்பு முழுக்க வலி, வறட்டு இருமல், தொண்டை வலி. குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்து வரலாம். வைரஸ் உடம்புக்குள் போன 1 முதல் 4 நாளில் அறிகுறி தெரியும். பெரும்பாலும் இரண்டாவது நாள்.

முதியவர்களிடம் மட்டும் இந்தக் கணக்கு தப்பும். 75 வயது பாட்டிக்குத் தெர்மாமீட்டரில் 99-தான் காட்டும். ஆனால் சாப்பாடு இறங்காது, சோர்ந்து படுத்திருப்பார், பேச்சு கொஞ்சம் குழறும். 'காய்ச்சலே இல்லையே' என்று விட்டுவிடுவது இங்கேதான் நடக்கிறது.

சென்னைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வடஇந்தியாவின் பல நகரங்களில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு உச்சம் தொடும். சென்னையிலும் வேலூரிலும் நடந்த கண்காணிப்பில் வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர், நவம்பரில்தான் அதிகம் பதிவானது. நம் ஊரில் டெங்குவுக்கும் அதுதான் சீசன். இரண்டிலும் காய்ச்சல், இரண்டிலும் உடம்பு வலி. எப்படிப் பிரிப்பது?

இருமல், தொண்டை வலி, மூக்கில் நீர் ஒழுகுதல் இருந்தால் ஃப்ளூ பக்கம் சாயும். கண்ணுக்குப் பின்னால் வலி, தோலில் சிவப்புத் தடிப்பு, ஈறில் ரத்தக் கசிவு, இருமலே இல்லாத கடும் காய்ச்சல் என்றால் டெங்கு பக்கம். இது உறுதியான விதி கிடையாது. சந்தேகம் இருந்தால் முதல் ஐந்து நாளுக்குள் டெங்கு என்.எஸ்.1 பரிசோதனை செய்துவிடலாம். அது தெரியும் வரை ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்றவை டெங்குவில் ரத்தக் கசிவை மோசமாக்கும். குழந்தைகளுக்கு ஃப்ளூவில் ஆஸ்பிரின் கொடுப்பது தனியாகவே ஆபத்து. கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரெய்ஸ் சிண்ட்ரோம் என்ற அரிய பாதிப்பு வரலாம்.

'பெருந்தொற்று' ஃப்ளூ என்றால் என்ன?

ஃப்ளூ வைரஸ் ஆண்டுக்காண்டு கொஞ்சம் கொஞ்சமாக முகம் மாற்றிக்கொள்ளும். நம் உடம்பின் எதிர்ப்பு சக்திக்கு அது ஏற்கெனவே பார்த்த முகத்தின் ஜாடையாவது தெரியும். எப்போதாவது ஒருமுறை, பறவை, பன்றி, மனித வைரஸ்களின் மரபணுத் துண்டுகள் கலந்து முற்றிலும் புது வைரஸ் பிறக்கும். யாருக்கும் எதிர்ப்பு சக்தி இருக்காது. அது மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதாகப் பரவவும் கற்றுக்கொண்டால் அதுதான் பெருந்தொற்று. 1918, 1957, 1968, 2009 என்று நூறாண்டுக்குள் நான்கு முறை இது நடந்திருக்கிறது.

இதில் 1957 கதை சென்னைக்கு நெருக்கமானது. அந்த ஆண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த ரஜூலா கப்பல் சென்னைத் துறைமுகத்தை அடைந்தபோது, அதிலிருந்த பலருக்கும் காய்ச்சல். மலேயாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே போய்வந்த குடும்பங்களின் தாத்தா பாட்டிகளுக்கு நன்கு தெரிந்த கப்பல் அது. அந்த வழியாகத்தான் 'ஆசியக் காய்ச்சல்' இந்தியாவுக்குள் நுழைந்தது. சில வாரங்களில் நாடு முழுக்கப் பரவியது. 1958 பிப்ரவரி வரை பதிவானவர்கள் மட்டும் சுமார் 44.5 லட்சம் பேர், இறந்தவர்கள் 1,098 பேர். அந்த அலையை ஆவணப்படுத்தியதும் நம் மாநிலத்தில் இருந்த ஒரு ஆய்வகம்தான், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் இன்ஃப்ளூயன்சா மையம்.

2009-ல் கப்பலுக்குப் பதில் விமானம். மே மாதம் ஹைதராபாத்தில் முதல் இந்திய நோயாளி. ஜூன் 11-ல் உலக சுகாதார நிறுவனத்தின் பெருந்தொற்று அறிவிப்பு. ஆகஸ்ட் தொடக்கத்தில் புனேவில் 14 வயது பள்ளி மாணவியின் மரணம். அடுத்த சில நாட்களில் சென்னையில் 4 வயது சிறுவன் இறந்தபோதுதான் தமிழ்நாட்டில் மாஸ்க் தேடி மெடிக்கல் ஷாப்புகளில் கூட்டம் கூடியது. கிண்டி கிங் நிறுவனத்தின் ஆய்வகம் மாதிரிகளைப் பரிசோதித்துக் கொடுத்தது.

2010 ஆகஸ்ட் 10-ல் பெருந்தொற்று முடிந்ததாக அறிவித்தார்கள். வைரஸுக்கு அந்த அறிவிப்பு தெரியாது. 2015-ல் இந்தியாவில் 42,592 பேருக்கு எச்1என்1 உறுதியானது. 2,990 பேர் இறந்தார்கள். பெருந்தொற்று 'முடிந்து' ஐந்து ஆண்டுக்குப் பிறகான எண்ணிக்கை இது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம். பேரில் பன்றி இருக்கிறதே தவிர, நன்கு வேகவைத்த பன்றி இறைச்சி சாப்பிடுவதால் இது வராது. இருமல், தும்மல், பேச்சு வழியாக மனிதர்தான் மனிதருக்குப் பரப்புகிறார்.

தரமணியில் போட்ட கணக்கு

தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1962-ல் இருந்து இயங்கும் ஆய்வு நிறுவனம். பக்கத்துத் தெருவில் டீ குடிப்பவர்களில் பலருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. 2009 அலையின்போது அங்கிருந்த டி.ஜேசன், கௌதம் மேனன், சீதாப்ர சின்ஹா ஆகியோர் ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை இந்தியாவில் பதிவான எச்1என்1 எண்ணிக்கையை எடுத்து ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புகிறார்? 2011-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியான அவர்களின் விடை: சுமார் 1.45.

பார்க்கச் சின்ன எண். தட்டம்மையில் இதே எண் 12 முதல் 18 வரை போகும். ஆனால் சங்கிலி நீளும்போது 1.45 என்ன செய்யும் தெரியுமா? 100 பேரிடமிருந்து 145 பேருக்கு. அடுத்த சுற்றில் 210. அதற்கடுத்து 305. ஐந்தாவது சுற்றில் 641. ஆய்வில் கிடைத்த வளர்ச்சி வேகத்தின்படி, தொடக்கத்தில் நோயாளிகளின் எண்ணிக்கை சுமார் நாலரை நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்.

அதே எண்ணைத் திருப்பிப் போட்டால் நல்ல செய்தி. 1.45-ஐ ஒன்றுக்குக் கீழே இறக்கிவிட்டால் சங்கிலி தானாகத் தேயும். அதற்குப் பரவும் வாய்ப்புகளில் மூன்றில் ஒன்றைக் குறைத்தால் போதும். ஊரையே பூட்ட வேண்டியதில்லை. காய்ச்சல் இருப்பவர்களில் கணிசமானோர் வீட்டில் இருப்பது, இருமுபவர் மாஸ்க் போடுவது, ஜன்னலைத் திறப்பது, கொஞ்சம் பேர் தடுப்பூசி போடுவது எல்லாம் சேர்ந்தாலே அந்த மூன்றில் ஒன்றை எட்டிவிட முடியும். 'நான் ஒருத்தன் லீவு போட்டா மட்டும் என்ன ஆகிடப் போகுது' என்ற கேள்விக்கு, ஃப்ளூ விஷயத்தில் பதில்: நிறையவே ஆகும்.

ஆனால் லீவு போடுவது எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடையாது. லேப்டாப் வைத்திருப்பவர் 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்று ஒரு மெயில் தட்டிவிடலாம். அதே கட்டடத்தின் செக்யூரிட்டிக்கும், கேன்டீனில் பாத்திரம் கழுவுபவருக்கும், வாசலில் பார்சலோடு நிற்கும் டெலிவரி ஊழியருக்கும் ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. காய்ச்சலோடு அவர்கள் வேலைக்கு வருவதை அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. ஒப்பந்த ஊழியருக்குச் சம்பளத்தோடு மூன்று நான்கு நாள் நோய் விடுப்பு தருவது நிறுவனத்துக்குச் செலவாகத் தெரியலாம். ஒரு ஃப்ளோர் முழுக்கக் காய்ச்சலில் படுத்தால் ஆகும் செலவு அதைவிட அதிகம். இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் நோய்க்கால உதவித்தொகை பற்றித் தங்கள் மருந்தகத்தில் கேட்டுப் பார்க்கலாம். கேட்காமலே விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

யாருக்கு டெஸ்ட்? யாருக்கு மாத்திரை?

கொரோனா காலம் நமக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்திவிட்டது. காய்ச்சல் வந்தால் முதலில் டெஸ்ட், ரிசல்ட் வந்த பிறகுதான் மற்றது. ஃப்ளூவுக்கு அது பொருந்தாது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறது. பார்ப்பது அறிகுறியை, டெஸ்ட் ரிப்போர்ட்டை இல்லை.

லேசான காய்ச்சல், இருமல் அல்லது தொண்டை வலி, கூடவே உடம்பு வலியோ தலைவலியோ வாந்தியோ இருந்தால் ஏ பிரிவு. ஃப்ளூ வருபவர்களில் பெரும்பாலானோர் இதில்தான் வருவார்கள். டெஸ்ட் வேண்டாம், வைரஸ் மாத்திரை வேண்டாம். வீட்டில் இருந்து, 24 முதல் 48 மணி நேரத்தில் நிலைமையைத் திரும்பப் பார்த்தால் போதும்.

பி பிரிவில் இரண்டு வகை. காய்ச்சலும் தொண்டை வலியும் கடுமையாக இருப்பவர்கள் ஒன்று. காய்ச்சல் லேசாகவே இருந்தாலும் உடல்நிலை காரணமாக ஆபத்து அதிகம் உள்ளவர்கள் இன்னொன்று. கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், நோய்ப் பின்னணி உள்ள குழந்தைகள், ஆஸ்துமா, இதயம், சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, புற்றுநோய், எச்.ஐ.வி. உள்ளவர்கள், நீண்ட நாளாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் எல்லாம் இதில் அடக்கம். இவர்களுக்கும் டெஸ்ட் கட்டாயமில்லை. டாக்டர் பார்த்து ஓசெல்டாமிவிர் மாத்திரையைத் தொடங்கலாம். முதல் வகைக்குத் தேவைப்பட்டால், இரண்டாம் வகைக்குத் தாமதிக்காமல்.

சி பிரிவுதான் ஆபத்து. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், ரத்த அழுத்தம் இறங்குதல், அரைமயக்கம், உதடோ நகமோ நீலம் பாரித்தல். குழந்தையாக இருந்தால் விடாத கடும் காய்ச்சல், பால் குடிக்காமை, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு விடும்போது விலா உள்ளே இழுப்பது. ஏற்கெனவே இருந்த ஆஸ்துமாவோ இதய நோயோ திடீரென மோசமாவதும் இதில் சேரும். இங்கே டெஸ்ட் உண்டு, ஆனால் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையில் சேர்ப்பது, மருந்து தொடங்குவது, மாதிரி எடுப்பது மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். கொரோனா சமயத்தில் வாங்கி அலமாரியில் போட்ட பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இப்போது கைகொடுக்கும். அளவு 94-க்குக் கீழே இறங்கினால் 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். போகலாமா வேண்டாமா என்ற குழப்பத்துக்கு 104 மருத்துவ ஆலோசனை எண் இருக்கிறது.

பலர் தவறவிடுவது பி பிரிவை. ஏ-வில் இருக்கும் இளைஞர் ஆயிரக்கணக்கில் செலவழித்து டெஸ்ட் எடுத்து 'எச்1என்1 பாசிட்டிவ்' என்று பதறுகிறார். அதே வீட்டில் சர்க்கரை நோயோடு இருக்கும் அப்பா, 'எனக்கு லேசாத்தான் இருக்கு' என்று மூன்று நாள் கஷாயம் குடித்துக்கொண்டிருக்கிறார். சீக்கிரம் டாக்டரிடம் போக வேண்டியவர் அப்பாதான்.

48 மணி நேரம் ஏன் முக்கியம்?

ஓசெல்டாமிவிர், அதாவது பலருக்கும் தெரிந்த டாமிஃப்ளூ, வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. ஒரு செல்லுக்குள் பெருகிய வைரஸ்கள் அதை விட்டு வெளியேறி அடுத்த செல்லுக்குத் தாவுவதைத் தடுக்கும். வைரஸ் ஏற்கெனவே நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டால் பூட்டு போட்டு என்ன பயன்? அதனால்தான் அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். தாமதமாகிவிட்டது என்று தீவிர நோயாளிக்குக் கொடுக்காமல் விடவும் கூடாது. அவர்களுக்கு அதன் பிறகும் உதவும்.

பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 5 நாள் என்பது வழக்கமான அளவு. குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்து மாறும். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் குறையும். சிலருக்கு வாந்தி வரும். சாப்பிட்ட பிறகு போட்டால் கொஞ்சம் பரவாயில்லை. இரண்டு நாளில் தெம்பு வந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. 2009-ல் அரசு வழியாக மட்டுமே கொடுக்கப்பட்ட மருந்து, 2017-ல் விதி தளர்ந்த பிறகு டாக்டர் சீட்டு இருந்தால் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கிறது.

இந்த மருந்தின் மூலப்பொருளான ஷிகிமிக் அமிலம், பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு 'பிரியாணி சாப்பிட்டால் பன்றிக் காய்ச்சல் வராது' என்று கிளம்பினால் கதை கந்தல். அந்த அமிலம் தொழிற்சாலையில் பல கட்டம் தாண்டித்தான் மருந்தாகிறது. பிரியாணியை பிரியாணியாகவே சாப்பிடலாம்.

நிலவேம்புக் குடிநீர் குடிப்பது அவரவர் விருப்பம். ஆனால் பி, சி பிரிவில் இருப்பவருக்கு அது ஓசெல்டாமிவிருக்கு மாற்று ஆகாது. அசித்ரோமைசின், அமாக்ஸிசிலின் மாதிரியான ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. 2023 மார்ச்சில் எச்3என்2 வகை ஃப்ளூ நாடு முழுக்கப் பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமே இதை எச்சரித்து அறிக்கை விட்டது. தமிழக அரசு ஒரே நாளில் 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தியதும் அந்த மாதத்தில்தான்.

ஒற்றை அறை வீட்டில் எப்படித் தனிமைப்படுத்துவது?

'தனி அறை, தனி கழிவறை' என்று எழுதுவது சுலபம். கானகத்தின் பி.ஜி. அறையில் நாலு கட்டில். கல்லுக்குட்டையில் ஒரு அறையில் ஐந்து பேர். 2020 டிசம்பரில் பக்கத்து ஐ.ஐ.டி. வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா உறுதியானபோது, பல விடுதி மாணவர்கள் ஒரே மெஸ்ஸைப் பயன்படுத்தியதுதான் முதல் சந்தேகமாக இருந்தது. வைரஸ் வேறாக இருந்தாலும் மூச்சுக்காற்று வழி ஒன்றுதான். ஒரே அறை, ஒரே சாப்பாட்டு மேசை, மூடிய ஜன்னல்.

இடம் இல்லாதபோது காற்றையும் நேரத்தையும் வைத்து சமாளிக்கலாம். நோயாளியின் படுக்கை ஜன்னல் அல்லது கதவு ஓரம் இருக்கட்டும். அவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மற்றவர் படுக்க வேண்டாம். ஏ.சி.யை அணைத்து ஜன்னலைத் திறந்து, ஃபேன் காற்று வெளியே போகும்படி வைக்கலாம். ஒருவர் தலை வைத்த பக்கம் அடுத்தவர் கால் வைத்துப் படுத்தாலே முகத்துக்கு முகம் இடைவெளி கூடும். சாப்பாடு தனி நேரத்தில். மழை இல்லாத மாலையில் நோயாளி மொட்டை மாடியில் உட்காரலாம். பார்த்துக்கொள்ள ஒரே ஆள் போதும். அவர் கர்ப்பிணியாகவோ முதியவராகவோ இருக்கக் கூடாது. அறைக்குள் நோயாளி மாஸ்க் போடுவதுதான் முதல் பாதுகாப்பு. மற்றவர்கள் போடுவது அடுத்தது. கைகழுவ சாதாரண சோப்பே தாராளம்.

தண்ணீர், கஞ்சி, ரசம், இளநீர் என்று எதுவாக இருந்தாலும் சிறுநீர் தெளிவாகப் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். இதயம், சிறுநீரகப் பிரச்னைக்காகத் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தியிருப்பவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

பாராசிட்டமாலில் ஒரு கண்ணி இருக்கிறது. காய்ச்சலுக்கு 650 மாத்திரை, சளிக்குத் தனியாக ஒரு 'கோல்டு' மாத்திரை என்று இரண்டையும் போடுபவர்கள் உண்டு. பல சளி மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது பெரியவர்களுக்கே உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. மது குடிப்பவர்களுக்கு வரம்பு இன்னும் கீழே. அட்டையின் பின்பக்கம் படித்துவிட்டுப் போடுவது நல்லது.

தடுப்பூசி போடலாமா?

2009 அலைக்கு எதிரான முதல் இந்தியத் தடுப்பூசி 2010 ஜூனில் வந்தது, ஜைடஸ் காடிலா தயாரிப்பு. அடுத்த மாதமே சீரம் நிறுவனம் மூக்கில் விடும் வகையைக் கொண்டுவந்தது. இப்போது தனியாக 'பன்றிக் காய்ச்சல் ஊசி' தேவையில்லை. ஆண்டுதோறும் வரும் ஃப்ளூ தடுப்பூசிக்குள்ளேயே எச்1என்1 அடங்கியிருக்கிறது.

வைரஸ் முகம் மாற்றுவதால் ஊசியும் ஆண்டுக்கொரு முறை. உலக சுகாதார நிறுவனம் வருடத்தில் இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், எந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைக்கும். ஊசி போட்டு பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும். சென்னையின் சீசன் அக்டோபரில் சூடு பிடிப்பதால், செப்டம்பருக்குள் போட்டுக்கொள்வது நம் ஊர்க் கணக்குக்குப் பொருந்தும்.

வைரஸோடு நன்றாகப் பொருந்தும் ஆண்டில், டாக்டரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பை இது 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கும். நூற்றுக்கு நூறு இல்லை. போட்ட பிறகும் ஃப்ளூ வரலாம், ஐ.சி.யூ. வரை போகும் வாய்ப்பு குறையும். 6 மாதக் குழந்தையிலிருந்து போடலாம். 9 வயதுக்குக் கீழே முதல் முறை போடும் குழந்தைகளுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ். கர்ப்பிணிகளுக்கு எந்த மாதத்திலும் பாதுகாப்பானது. பிறக்கும் குழந்தைக்கு முதல் ஆறு மாதம் ஊசி போட முடியாது என்பதால், தாயிடமிருந்து போகும் எதிர்ப்பு சக்திதான் அதற்கு ஒரே கவசம்.

குறை ஒன்று உண்டு. தேசிய இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை. பெரும்பாலும் கைக்காசு போட்டுத்தான் வாங்க வேண்டும். வீட்டில் ஒருவருக்குத்தான் கட்டுப்படியாகும் என்றால், வேலைக்குப் போகும் பையனைவிட கர்ப்பிணி மருமகளுக்கோ சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்கோ முதலில் போடுவதுதான் சரி.

பறவைக் காய்ச்சல் அடுத்ததா?

விஞ்ஞானிகள் இப்போது கண் வைத்திருப்பது எச்5என்1 மீது. மனிதரிடமிருந்து மனிதருக்கு அது இன்னும் எளிதாகப் பரவவில்லை. ஆனால் தொற்றியவருக்குக் கடுமையாக இருக்கிறது. 2021 ஜூலையில் டெல்லி எய்ம்ஸில் 11 வயது சிறுவனும், 2025 மார்ச்சில் ஆந்திராவில் 2 வயதுக் குழந்தையும் இதனால் இறந்தார்கள். ஆந்திரக் குழந்தை பச்சைக் கோழி இறைச்சித் துண்டைச் சாப்பிட்டிருந்தது. கோழியும் முட்டையும் முழுதாக வேகவைத்தால் பயமில்லை. 70 டிகிரி வெப்பத்தில் வைரஸ் தாக்குப்பிடிக்காது. ஆஃப்பாயில் பிரியர்கள் மட்டும், பறவைக் காய்ச்சல் செய்தி ஓடும் நாட்களில் ஃபுல்பாயிலுக்கு மாறிக்கொள்ளலாம். காக்கையோ கோழியோ கூட்டமாகச் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் மாநகராட்சிக்குச் சொல்ல வேண்டும்.

திரும்ப எப்போது ஆபீஸ் போகலாம்?

அறிகுறிக்கு ஒரு நாள் முன்பிருந்தே வைரஸ் பரவத் தொடங்கும். தொடங்கிய பிறகு 5 முதல் 7 நாள் வரை பரவும். குழந்தைகளிடம் இன்னும் கூடுதல் நாள். எனவே 'ஒரு டோலோ போட்டதும் காய்ச்சல் விட்டது' என்பது கணக்கில் சேராது. மாத்திரை எதுவும் போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் வெளியே வரலாம். அடுத்த சில நாள் ரயிலிலும் லிஃப்டிலும் மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும். இருமலும் அசதியும் இரண்டு வாரம் வரை இழுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது இதற்கு: நான்காம் நாள் காய்ச்சல் விட்டு, எழுந்து நடமாடி, ஆறாம் ஏழாம் நாள் மறுபடி காய்ச்சல் ஏறுவது, கூடவே மஞ்சள் சளியும் நெஞ்சு வலியும் வருவது. ஃப்ளூ பலவீனமாக்கிய நுரையீரலில் பாக்டீரியா புகுந்து நிமோனியா ஆகியிருக்கலாம். அந்தக் கட்டத்தில் ஆன்டிபயாடிக் தேவைப்படும், எக்ஸ்ரேவும் தேவைப்படும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் அதே மாத்திரையை வாங்காமல், அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.